பின்சுவரில் முதல் ஆள்

"உங்க பேரு வெயிட்டிங் லிஸ்ட்லயே இல்லையே மேடம்" என்றான் கவுன்ட்டரில் இருந்தவன். சொல்லும்போது திரையைப் பார்த்தானே தவிர வெர்னாவைப் பார்க்கவில்லை.

வெர்னா டில்ஃபோர்டுக்குக் கோபம் வந்தால் குரல் உயராது, தாழும். வெஸ்காட் முதியோர் இல்லத்தில் அவளோடு வேலை பார்க்கிற எல்லோருக்கும் அது தெரியும். அந்தக் குரல் கேட்டால் ஆளுக்கொரு வேலையை எடுத்துக்கொண்டு நழுவிவிடுவார்கள். சமுதாயக் கல்லூரியின் சேர்க்கைக் கவுன்ட்டரில் இருந்தவனுக்கு அது தெரியாது.

"நல்லாப் பாரு தம்பி. டில்ஃபோர்ட். சாயங்கால அனாட்டமி கிளாஸ். லிஸ்ட்ல மொத ஆளே நான்தான்."

"இருந்தீங்க. செவ்வாய்க்கிழமை ஒரு சீட்டு காலியாச்சு. உங்களுக்குத்தான் மொதல்ல மெயில் போச்சு. ஒரு நாளைக்குள்ள சரின்னு சொல்லணும், நீங்க சொல்லல. அடுத்த ஆளுக்குப் போயிருச்சு. உங்க பேரு லிஸ்ட்லேருந்து தானா விழுந்துருச்சு."

"எனக்கு ஒரு மெயிலும் வரல."

"காலேஜ் மெயிலுக்கு வந்திருக்கும்."

"எந்தக் காலேஜ் மெயில்?"

அப்போதுதான் அவன் நிமிர்ந்தான். எத்தனையோ பேரிடம் சொல்லிச் சலித்த முகம். "இந்த வருஷம் உங்க பேர்ல ஒண்ணு திறந்து குடுத்திருக்கு. எல்லாமே அதுக்குத்தான் வரும். சொந்த மெயிலுக்கு நாங்க எதுவும் அனுப்புறதில்ல."

"இத என்கிட்ட யாரு சொன்னா?"

"எல்லாருக்கும் சொல்லியிருக்கோம் மேடம்."

"எப்படிச் சொன்னீங்க?"

"மெயில்லதான்."

"எந்த மெயில்ல?"

வரிசையில் பின்னால் நின்ற யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அவன் பேனாவை எடுத்து, வைத்து, "அடுத்த வருஷம் எடுத்துக்கங்களேன்" என்றான்.

அந்த வார்த்தையைச் சொன்னதற்கு அவனைக் கண்ணாடி வழியாக இழுத்து வெளியே போட வேண்டும் போல இருந்தது வெர்னாவுக்கு. அடுத்த வருடம் என்று ஒன்று அவளுக்கு இல்லை. அந்தக் கல்லூரியின் நர்சிங் பிரிவில் ஒரு சட்டம் உண்டு. அறிவியல் பாடங்களுக்கு ஆயுள் ஏழு வருடம். அதற்கு மேல் பழசானால் நீ படித்தது படித்ததே இல்லை. வெர்னா கெமிஸ்ட்ரி முடித்து வரும் வசந்தத்தோடு ஏழு வருடம். அதற்குள் நர்சிங்குக்கு விண்ணப்பம் போட வேண்டும். போடுவதற்கு அனாட்டமி ஒன்றுதான் பாக்கி. இந்தப் பருவத்தில் அதை முடித்தால் உண்டு. இல்லையென்றால் கெமிஸ்ட்ரியிலிருந்து மறுபடி. அவளுக்கு நாற்பத்தைந்து வயது. மறுபடி என்பது கவுன்ட்டரில் இருக்கிறவனுக்குச் சாதாரண வார்த்தையாக இருக்கலாம்.

"வேற வழி?" என்று கேட்டாள்.

"மொத நாள் கிளாஸுக்குப் போய் நில்லுங்க. கிளாஸ் ஆரம்பிச்சுட்டா லிஸ்ட்டுக்கு மதிப்பு கிடையாது. யாராவது வரலன்னா வாத்தியார் அந்தச் சீட்டை யாருக்கு வேணா குடுக்கலாம். அவர் இஷ்டம். நெக்ஸ்ட்!"

வெர்னாவின் வாழ்க்கையில் முக்கியமான எல்லாமே இப்படித்தான் நடந்திருக்கிறது. அவளுக்குச் சொல்ல வேண்டியதை அவள் இல்லாத இடத்தில் சொல்லிவிட்டு, சொல்லியாகிவிட்டது என்பார்கள். அவள் அப்பா பாதாம் தோப்புகளில் மரம் உலுக்கும் இயந்திரம் ஓட்டியவர். தோப்பு கைமாறியதை வேலைக்குப் போன அன்று பூட்டிய கேட்டைப் பார்த்துத் தெரிந்துகொண்டார். வெர்னா பதினேழு வயதில் வயிற்றில் பிள்ளையோடு பள்ளிக்கூடத்தை விட்டாள். கட்டிக்கொண்ட வேட் என்பவன் லாரி ஓட்டினான். நெவாடாவுக்குச் சரக்கு ஏற்றிக்கொண்டு போனவன் திரும்பி வரமாட்டேன் என்பதைத் தன் அக்காவிடம் சொன்னான். அக்கா சர்ச்சில் சொன்னாள். வெர்னாவுக்கு விஷயம் தெரிவதற்குள் வெஸ்காட் ஊரில் பாதிப் பேருக்குத் தெரிந்துவிட்டது.

முதியோர் இல்லத்தில் உதவியாளாகச் சேர்ந்தாள். கழுவுவது, துடைப்பது, புரட்டிப் படுக்க வைப்பது, ஊட்டுவது. பெண்ணை அதில்தான் வளர்த்தாள், அதில்தான் கட்டிக்கொடுத்தாள். சேவை செய்ய வேண்டும் என்கிற ஆசையால் அவள் நர்ஸாக நினைத்தாள் என்று யாரும் எண்ண வேண்டாம். புதிதாக வந்த நர்ஸ் ஒருத்தி, வெர்னாவின் மகள் வயதுதான் இருக்கும், ஒரு நாள் தாழ்வாரத்தில் நின்றுகொண்டு அவளைப் பார்த்து விரலைச் சொடுக்கினாள். பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. சொடுக்கினாள். அன்று வேலை முடிந்து காரை நேராகக் கல்லூரிக்கு விட்டவள்தான் வெர்னா. இனி மிச்ச நாளில் ஒருத்திகூடத் தன்னைப் பார்த்து விரல் சொடுக்கக் கூடாது, அவ்வளவுதான்.

முதலில் எடுத்தது கெமிஸ்ட்ரி. அதற்கப்புறம் ஷிஃப்ட் மாறியது, மணிக்கட்டில் அறுவை சிகிச்சை, மகளின் கல்யாணம் என்று ஒவ்வொன்றாக வந்தது. அனாட்டமிக்கு மட்டும் நாலு தடவை முயன்றுவிட்டாள். வேலைக்குப் போகிறவர்கள் படிக்கக்கூடிய மாலை வகுப்பு வருடத்துக்கு ஒன்றுதான். முழுநேர மாணவர்களுக்கு முன்னுரிமை என்பதால் பதிவு திறந்த காலையிலேயே அவர்கள் அள்ளிக்கொண்டு போய்விடுவார்கள். மாலை வகுப்பில் பகலில் தூங்கும் பிள்ளைகள் உட்கார்ந்திருப்பார்கள். வேலைக்குப் போகிறவர்கள் வெயிட்டிங் லிஸ்டில் கிடப்பார்கள். இதை வகுத்தவனை ஒரு நாளாவது கிழவர்களைப் புரட்டச் சொல்ல வேண்டும்.

கல்லூரியிலிருந்து வந்த மறுநாள் காலை, இல்லத்தில் பிராக் கிழவரின் அறையில், தன் சீட்டு போன அந்த அடுத்த ஆள் யார் என்று வெர்னாவுக்குத் தெரிந்தது.

ஆர்வல் பிராக் ஒரு காலத்தில் பெரிய மாட்டுப் பண்ணைக்காரர். இப்போதும் உடம்பு ஒரு கன்றுக்குட்டிக்குக் குறையாது. படுக்கையில் சறுக்கிச் சறுக்கிக் கீழே வந்துவிடுவார். அவர் அடியில் போட்டிருக்கிற துணியை இந்தப் பக்கம் ஒருத்தி, அந்தப் பக்கம் ஒருத்தி பிடித்து, எண்ணி, மூன்று என்றதும் ஒன்றாக இழுத்து மேலே ஏற்ற வேண்டும். தனியாக யாரும் தொடக் கூடாது என்பது இல்லத்தின் சட்டம். அந்தப் பக்கத்து ஆள் எப்போதும் டோரீன் அவிலாதான்.

டோரீனும் வெர்னாவும் ஒரு காலத்தில் சிநேகிதிகள். கெமிஸ்ட்ரி வகுப்புக்கு ஒரே காரில் போனார்கள், ஒரே மேசையில் உட்கார்ந்தார்கள், ஒரே புத்தகத்தைப் பங்கு போட்டுப் படித்தார்கள். பிறகு ஒரு நாள் வயதான அம்மாள் ஒருத்தி நாற்காலியிலிருந்து சரிந்து விழுந்தாள். வெர்னா அந்த நேரம் கழிப்பறையில் இருந்தாள். "நான் பாக்கும்போது வெர்னா அங்க இல்ல" என்று டோரீன் மேலாளரிடம் சொன்னாள். சொன்னது பொய்யில்லை. அதனால்தான் வெர்னாவால் அவளை மன்னிக்க முடியவில்லை. வெர்னாவை ஒரு வருடம் இரவு ஷிஃப்டில் தள்ளினார்கள். அன்றிலிருந்து இரண்டு பேருக்கும் வேலைப் பேச்சைத் தவிர வேறு பேச்சில்லை. ஜோடி மாற்றச் சொல்லி இருவரும் கேட்டுப் பார்த்துவிட்டார்கள். இரண்டு பேருக்கும்தான் கையில் பலம் இருக்கிறது என்று மேலாளர் மாற்றவில்லை.

"ஒண்ணு, ரெண்டு, மூணு" என்றாள் டோரீன். எப்போதும் அவள்தான் எண்ணுவாள். இழுத்தார்கள். பிராக் தலையணைக்கு வந்து சேர்ந்தார்.

"எனக்கு அனாட்டமி கெடச்சிருச்சு" என்றாள் டோரீன், துணியின் சுருக்கத்தை நீவிக்கொண்டே. கிழவரிடம் சொல்வது போலச் சொன்னாள்.

வெர்னாவின் கை நின்றது. "எப்ப?"

"புதன்கிழமை."

"நீ ரெண்டாவது ஆளா இருந்தியா?"

"ஏன், இருக்கக் கூடாதா?"

செவ்வாய்க்கிழமை மதியச் சாப்பாட்டு அறை வெர்னாவின் கண்முன் வந்தது. தன் ஃபோனை மேசையில் தூக்கிப் போட்டு, 'இன்னும் காலேஜ்லேருந்து ஒண்ணும் வரல' என்று எல்லோரும் கேட்கத்தான் சொன்னாள். எதிரே டோரீன் பரிட்டோவைத் தின்றுகொண்டிருந்தாள். மேசையில் கிடந்த ஃபோனில் திறந்திருந்த வெர்னாவின் சொந்த மெயிலை ஒரு பார்வை பார்த்தாள். வாயைத் துடைத்துக்கொண்டு எழுந்து போனாள்.

"மெயில் காலேஜ் கணக்குக்குத்தான் வரும்னு உனக்குத் தெரியும்" என்றாள் வெர்னா. குரல் தாழ்ந்திருந்தது.

"தெரியும்."

"நான் வேற மெயிலப் பாத்துட்டு இருக்கேன்னும் தெரியும். கண்ணு முன்னால பாத்த. சொல்லல."

டோரீன் துணியை மெத்தைக்கு அடியில் செருகினாள். "உனக்கு மெயில் பாக்கச் சொல்லித்தர நான் என்ன உங்க அம்மாவா?"

"அடிப்பாவி."

"பாவிதான். சீட்டு வாங்குன பாவி. நீ மெயில் பாக்கத் தெரியாத புண்ணியவதி. போதுமா?"

"இங்க ஒருத்தன் உயிரோட படுத்திருக்கேன்" என்றார் பிராக். "சண்டை போடறதா இருந்தா என்னை விட்டுட்டு வெளிய போய்ப் போடுங்க. இல்ல, நல்லா கெட்ட வார்த்தையா போட்டுப் பேசுங்க, எனக்கும் பொழுது போகும்."

வகுப்பு தொடங்கும் திங்கட்கிழமை வந்தது. ஆகஸ்ட் மாதம். பாதாம் உலுக்குகிற காலம் என்பதால் ஊரே புழுதியில் மூழ்கிக் கிடந்தது, சூரியன் பழுப்பாகத் தெரிந்தது. ஆறு மணி வகுப்புக்கு வெர்னா ஐந்தேகாலுக்கே போய்விட்டாள், யூனிஃபார்மைக்கூட மாற்றவில்லை. அப்படியும் வண்டி நிறுத்த இடமில்லை. முதல் வாரம் அந்தக் கல்லூரி வளாகத்தில் கார் நிறுத்துவதற்கு ஒரு தனிப் பட்டம் கொடுக்கலாம். ஒவ்வொருவரும் வெளியே போகிற ஆள் பின்னால் காரை உருட்டிக்கொண்டே போய், அவன் எங்கே நிற்கிறானோ அங்கே காத்துக் கிடப்பார்கள்.

மூன்றாவது சுற்றில் வெர்னா பார்த்தாள். ஒரு பையன் தன் சிவப்பு டிரக்கில் ஏறிக்கொண்டிருந்தான். அவனுக்குப் பின்னால், சிக்னல் விளக்கைப் போட்டுக்கொண்டு, டோரீனின் வெள்ளை டொயோட்டா நின்றது. அந்த ஊரில் சிக்னல் போட்டுக் காத்திருக்கிறவருக்குத்தான் இடம். யாரும் எழுதி வைக்கவில்லை, ஆனால் குழந்தைக்கும் தெரியும். டிரக் பின்வாங்கும்போது டோரீன் வழிவிட்டுக் கொஞ்சம் பின்னால் போக வேண்டியிருந்தது. அந்த இடைவெளியில் எதிர்ப்பக்கத்திலிருந்து வெர்னா தன் பழைய பியூக் காரை உள்ளே விட்டாள்.

டோரீன் ஹாரனில் கையை வைத்து எடுக்கவே இல்லை. பிறகு கண்ணாடியை இறக்கினாள்.

"ஏய்! கண்ணு அவிஞ்சு போச்சா? சிக்னல் போட்டிருக்கேன்ல!"

வெர்னா இறங்கி, கதவைப் பூட்டி, பையைத் தோளில் மாட்டினாள். "எனக்கு சிக்னல் எல்லாம் பாக்கத் தெரியாதுடி. யாரும் சொல்லித்தரல."

"நீ உருப்பட மாட்டடி! எழுதி வச்சுக்கோ!"

வெர்னா திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். மனசு நிறைந்திருந்தது. அந்த நேரத்தில் அவளுக்கு வேறு கணக்கு எதுவும் இல்லை, சத்தியமாக. டோரீன் இன்னும் நாலு சுற்றுச் சுற்றட்டும், வெயிலில் வெந்து வகுப்புக்கு வரட்டும், அது போதும் என்றுதான் நினைத்தாள்.

அனாட்டமி வாத்தியார் டாக்டர் சர்கிசியனின் வகுப்பில் இடமில்லாதவர்கள் பின்சுவரை ஒட்டி வந்த வரிசையில் நிற்க வேண்டும். லிஸ்ட் கிடையாது, கெஞ்சல் கிடையாது, கதை சொல்லல் கிடையாது. யார் முதலில் வந்து நின்றாரோ அவருக்கு முதல் இடம். எலும்புக்கூடு தொங்குகிற மூலையில், ஜன்னல் பக்கம், வெர்னா முதல் ஆளாக நின்றாள். அவளுக்குப் பிறகு ஆறேழு பேர் வந்து நின்றார்கள். நிற்கிறவர்கள் உட்கார்ந்திருக்கிறவர்களின் பின்தலையைப் பார்த்த பார்வையில் கொஞ்சமும் நல்லெண்ணம் இல்லை. ஒவ்வொருவரும் மனதுக்குள் யாரோ ஒருவருக்குக் காய்ச்சல் வர வேண்டிக்கொண்டிருந்தார்கள்.

ஆறு மணிக்குச் சர்கிசியன் கதவைச் சாத்தினார். "பேர் கூப்பிடுவேன். கடைசிப் பேர் வரைக்கும் நேரம். அதுக்குள்ள 'இருக்கேன்'னு குரல் வரலன்னா சீட்டு போச்சு. ட்ராஃபிக், நாய், பாட்டி செத்துட்டா, எதுவும் எனக்கு வேண்டாம்" என்று சொல்லிவிட்டுக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார்.

"அவிலா. டோரீன்."

பெயர் வரிசையில் அவள்தான் முதல். பதில் இல்லை.

அப்போதுதான் வெர்னாவுக்கு உறைத்தது. டோரீன் இன்னும் வெளியே சுற்றிக்கொண்டிருக்கிறாள்.

"பராகான். சாவோ. டேகன்." ஒவ்வொரு பெயருக்கும் ஒரு 'இருக்கேன்' விழுந்தது. ஒருத்தராவது வராமல் போகட்டும், டோரீனைத் தவிர வேறு யாராவது, என்று வெர்னா வேண்டினாள். அப்படி நடந்தால் டோரீனும் வரலாம், தனக்கும் இடம் கிடைக்கும், யாருக்கும் கெடுதல் செய்ததாக இருக்காது. ஆனால் எல்லோரும் வந்திருந்தார்கள். அந்தப் பகலில் தூங்கும் பிள்ளைகள் அத்தனை பேரும் அன்றைக்கென்று பார்த்து ஒழுங்காக வந்திருந்தார்கள்.

"மர்டிரோசியன். ஒலிவேரா."

ஜன்னல் வழியே புல்வெளி தெரிந்தது. அதற்கு அப்பால் கால்பந்து மைதானத்து மண் தரை. இடம் கிடைக்காதவர்கள் கடைசியில் அங்கேதான் நிறுத்துவார்கள். அங்கிருந்து ஒருத்தி ஓடிவந்துகொண்டிருந்தாள். வெள்ளைச் செருப்பு, நீல யூனிஃபார்ம், ஒரு கையில் பை, மறு கையால் மார்பைப் பிடித்துக்கொண்டு. இல்லத்தில் டோரீன் ஓடி வெர்னா பார்த்ததே இல்லை, ஆள் விழுந்தால்கூட அவள் நடந்துதான் வருவாள்.

"வாங். சியாங். ஸெப்பேடா."

கடைசிப் பெயர் முடிந்தது. சர்கிசியன் தாளின் மேல்பக்கத்துக்குத் திரும்பினார். "அவிலா?" அறையைச் சுற்றிப் பார்த்தார். பார்ப்பதற்குச் சிடுமூஞ்சியே தவிர அநியாயக்காரர் இல்லை. "டோரீன் அவிலா. யாருக்காவது இவங்களத் தெரியுமா? வந்துட்டு இருக்காங்களா?"

வெர்னாவுக்குத் தெரியும். அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். 'இதோ புல்வெளியில் ஓடி வர்றா' என்று சொல்ல ஒரு மூச்சுப் போதும். கவுன்ட்டர் நினைவுக்கு வந்தது, சொடுக்கிய விரல் நினைவுக்கு வந்தது, சாப்பாட்டு மேசையில் வாயைத் துடைத்துக்கொண்டு எழுந்து போன முகம் நினைவுக்கு வந்தது. வாயைத் திறக்கவில்லை.

"சரி" என்று சர்கிசியன் ஒரு கோடு இழுத்தார். "பின்னால மொதல்ல யாரு? பேரு?"

"டில்ஃபோர்ட். வெர்னா டில்ஃபோர்ட்."

கம்ப்யூட்டரில் இரண்டு விரலால் தட்டினார். ஒரு சின்னத் துண்டில் எண் எழுதி நீட்டினார். "இன்னிக்குள்ள இந்த நம்பரப் போட்டுப் பதிஞ்சுருங்க. உக்காருங்க. மத்தவங்க, மன்னிக்கணும், போயிட்டு வாங்க."

வெர்னா முதல் வரிசையின் ஓரத்தில் காலியாகக் கிடந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். சந்தோஷமாக இருந்தது. வெட்கம் வரும் என்று எதிர்பார்த்தாள், வரவில்லை.

கதவு திறந்தது. டோரீன் கதவுப் பிடியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள். முகம் முழுக்கப் புழுதி, வியர்வையில் அது சேறாக வழிந்தது.

"அவிலா, டோரீன் அவிலா. இருக்கேன்."

"பேர் கூப்பிட்டு முடிச்சாச்சும்மா" என்றார் சர்கிசியன். "சீட்டையும் குடுத்தாச்சு."

"சார், அஞ்சரைலேருந்து வெளிலதான் இருக்கேன். வண்டி நிறுத்த இடமில்ல..." அப்போதுதான் நாற்காலியில் இருப்பது யார் என்று பார்த்தாள். குரல் உடைந்தது. "இவளுக்குத் தெரியும் சார்! நான் வெளில சுத்திட்டு இருந்தது இவளுக்குத் தெரியும். கேளுங்க இவள!"

சர்கிசியன் வெர்னாவைப் பார்த்தார். அறையே பார்த்தது.

வெர்னா முகத்தைத் திருப்பாமல் டோரீனையே பார்த்தாள். "உனக்காகக் குரல் குடுக்க நான் என்ன உங்க அம்மாவா?"

யாரும் சிரிக்கவில்லை. வெளியேற்றப்பட்ட மற்றவர்கள் கதவருகே நின்ற டோரீனைச் சுற்றிக்கொண்டு கதவைத் தாண்டிப் போனார்கள். பிறகு அவளும் போனாள். சர்கிசியன் தொண்டையைச் செருமிக்கொண்டு எலும்புக்கூட்டை முன்னால் இழுத்தார்.

மறுநாள் காலை பிராக் வழக்கம் போலப் படுக்கையின் அடிப்பக்கம் சறுக்கிக் கிடந்தார். வெர்னா இந்தப் பக்கம் நின்றாள், டோரீன் அந்தப் பக்கம். துணியைச் சுருட்டிப் பிடித்தார்கள். எண்ணும் குரல் வரவில்லை.

"என்ன, இன்னிக்கு மௌன விரதமா?" என்றார் பிராக். "யாராவது எண்ணித் தொலைங்க."

டோரீன் கிழவரின் வயிற்றுக்கு மேலாக வெர்னாவைப் பார்த்தாள். அழுத கண். ஆனால் குரலில் அழுகை இல்லை.

"கெமிஸ்ட்ரி இந்த வசந்தத்தோட காலாவதி ஆகுதுன்னுதானே அவ்வளவு துடிச்ச?"

"ஆமா. அதுக்கென்ன?"

"நாம ரெண்டு பேரும் ஒரே வருஷம்தானடி படிச்சோம். ஒரே மேசைல."

இத்தனை நாளாகத் தன் ஏழு வருடத்தை விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்த வெர்னா, பக்கத்து நாற்காலியில் இருந்தவளுக்கும் அதே கணக்குத்தான் என்று ஒரு தடவைகூட நினைத்துப் பார்க்கவில்லை. இப்போது ஏதாவது சொல்ல வேண்டும். மன்னிச்சுக்கோ என்று சொல்ல அவளுக்கு நாக்கு எழவில்லை. சொன்னால் அது இன்னும் பெரிய அவமானமாக இருக்கும், யாருக்கு என்பது தெரியவில்லை.

"தெரிஞ்சிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன்" என்றாள். அது உண்மையா என்று அவளுக்கே தெரியாது.

"தெரியும்" என்றாள் டோரீன். "நானும் சொல்லல."

"எனக்கு முதுகு ஒடியுது பொண்ணுங்களா" என்றார் பிராக்.

டோரீன் எண்ணப் போவதில்லை என்று தெரிந்தது. வெர்னாதான் எண்ணினாள். ஒண்ணு, ரெண்டு. மூன்று என்றதும் இரண்டு பேரும் இழுத்தார்கள். கிழவர் கொஞ்சமும் கோணாமல் தலையணைக்குப் போய்ச் சேர்ந்தார். டோரீன் துணியை விட்டுவிட்டு, இனி தொடுவதற்கு எதுவும் இல்லை என்பது போலக் கையை உடுப்பில் துடைத்துக்கொண்டு, அடுத்த அறைக்குப் போய் வாசலில் காத்து நின்றாள். அங்கேயும் இரண்டு பேர் வேண்டும்.